குழாயடியில் ஒரு ஜெபம்

மகனே,

உன் அப்பா உயிரோடு இருந்திருந்தால், கிருபையும் சமாதானமும் பெருகட்டும் என்று அரைப் பக்கம் எழுதிய பிறகுதான் விஷயத்துக்கு வந்திருப்பார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. நீ கேட்ட புத்தகம் என்னிடம் இருக்கிறது. நீல அட்டை போட்ட, பிள்ளைகள் படுக்கப் போகும்போது சொல்லுகிற அந்த ஜெபப் புத்தகம்தான். என் துணி அலமாரிக்கு ஒரு கால் குட்டை. அந்தக் காலுக்கு அடியில் கிடக்கிறது. அச்சடித்த நாளிலிருந்து அது செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான் என்பதால் எடுத்து அனுப்புவதாக இல்லை. தொலைபேசியிலேயே காரணத்தைச் சொல்லியிருப்பேன். "மீட்டிங் இருக்கும்மா, போஸ்ட்ல அனுப்பிடுங்க" என்று வைத்துவிட்டாய். ஆகவே உட்கார்ந்து எழுதுகிறேன். உன் மனைவியும் படிக்கட்டும். இதில் ஒளித்து வைக்க ஒன்றுமில்லை.

போன மாதம் உன் வீட்டில் வந்து தங்கியிருந்தபோது நடந்ததை நீ மறந்திருப்பாய். உனக்கு அது ஒரு விஷயமே இல்லை. உன் மகள் படுக்கையில் ஏறி உட்கார்ந்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "யேசப்பா, நீ இன்னிக்கு நெறைய வேலை செஞ்சிருப்பே. போய்த் தூங்கு லா" என்றாள். ஐந்து வயதுப் பிள்ளை. இத்தனை வருஷத்தில் நான் கேட்ட ஜெபங்களில் கடவுள் களைத்துப்போயிருப்பார் என்று கவலைப்பட்டது அது ஒன்றுதான். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கண்ணும் கலங்கியது. உன் முகமோ கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைத்துக்கொண்டது. "காட்கிட்ட இப்படியா பேசுவாங்க? நீ-ன்னா சொல்வாங்க? நீர்-னு சொல்லு. இறங்கி முட்டி போடு" என்றாய். அவள் இறங்கினாள், முட்டி போட்டாள், நீ சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னாள். 'என்னைக் காத்தருளும்' என்பது அவள் வாயில் நுழையவில்லை. நுழையும்வரை நீ விடவில்லை. ஆமென் வரும்போது விக்கலும் சேர்ந்து வந்தது.

பிறகு வெளியே வந்து, ஏதோ சாதித்தவன் மாதிரி என்னிடம், "தமிழே வர மாட்டேங்குதும்மா இதுங்களுக்கு. ஜெபத்திலயாவது வரட்டும்" என்றாய். அவள் ஒரு நிமிஷத்துக்கு முன்னால் பேசியது தமிழ் இல்லாமல் வேறு என்ன? உன் மாமியாரிடம் பழகி, அந்தப் பிள்ளை தானாகப் பொறுக்கிச் சேர்த்த நல்ல தமிழ். அது உன் காதில் விழவே இல்லை. பகல் முழுக்க அவளிடம் உனக்கு ஆங்கிலம். சாப்பிடு என்பதற்கும் ஆங்கிலம், வாயை மூடு என்பதற்கும் ஆங்கிலம். விளக்கை அணைக்கிற நேரத்தில் மட்டும் தமிழ், அதுவும் அச்சுக்கூடத்தில் செத்துப் பிறந்த தமிழ். இந்த மொழி கடவுளிடம் அடி வாங்காமல் தப்பிப்பதற்கு மட்டும்தான் போலிருக்கிறது என்று அவள் நினைத்தால் நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். அந்த அடிதடிக்குத் துணையாகத்தான் இப்போது புத்தகமும் கேட்கிறாய்.

மரியாதை என்று பெரிதாகப் பேசுகிறாய். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பழைய கீர்த்தனைகளை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு உருகி உருகிப் பாடுகிறீர்களே, அதில் நீ என்றும் உன் பாதம் என்றும் வரவில்லையா? ராகம் போட்டுப் பாடினால் 'நீ' சரி, ஒரு குழந்தை போர்வைக்குள்ளிருந்து சொன்னால் குற்றம். கடவுளுக்கே படாத அவமானம் அவருக்குக் கணக்கெழுதும் கிராணிகளுக்குப் பட்டுவிடுகிறது.

அந்தப் புத்தகத்தை நீ பக்தியோடு நினைவில் வைத்திருக்கிறாய். நான் அதை வரிவரியாக நினைவில் வைத்திருக்கிறேன். சீமையில் யாரோ ஓர் அம்மாள் சீமைப் பிள்ளைகளுக்கு எழுதியது. அவளை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அவள் ஊரில் பனி கொட்டியது, கணப்பு எரிந்தது, அதன் முன்னால் நாய் படுத்திருந்தது, எழுதினாள். நம் சபைப் பெரியவர்கள் நாலைந்து பேர் கூடி அதைத் தமிழாக்கினார்களே, அவர்களைத்தான் சொல்கிறேன். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால், தேக்கா மார்க்கெட்டின் மீன் வாடை ஜன்னல் வழியாக வருகிற அறையில், விசிறி சுழன்றும் வேர்வை சட்டையை நனைக்க உட்கார்ந்துகொண்டு, 'இந்தக் கடும்பனியில் நடுங்குகிற உமது பிள்ளைகளை' என்று எழுதினார்கள். சிங்கப்பூரில்! 'அடுப்பண்டையில் உறங்குகிற எங்கள் நாயையும் நினைத்தருளும்' என்று எழுதினார்கள். அடுப்பண்டை நாயைப் படுக்கவிடுகிற தமிழ் வீடு இந்த ஊரில் ஒன்று உண்டா? பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற ஆயாவுக்குத் தாதி என்று போட்டார்கள். உனக்குத் தெரிந்த ஒரே தாதி கிளினிக்கில் உன் தொடையில் ஊசி போட்டவள். 'எங்கள் தாதியை ஆசீர்வதியும்' என்று உன் அப்பா சொல்லிக் கொடுக்க, "மாட்டேன், அவங்க குத்துவாங்க" என்று நீ உதட்டைப் பிதுக்கினாய். படத்தில் இருந்த பையன் கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டிருந்தான். நாம் குவீன்ஸ்டவுன் வீட்டில் பாய் விரித்துப் படுத்தோம். பாய்க்குப் பக்கத்தில் முழங்காலிட்டால் படத்தில் இருப்பது மாதிரி வராது என்று உன் அப்பா கூடத்திலிருந்த குட்டைப் பெஞ்சுப் பலகையை இழுத்துப் போட்டு, அதன்மேல் உன் கைகளைக் குவித்து வைப்பார். ஜெபம் முடிந்ததும் பலகை திரும்பக் கூடத்துக்குப் போகும். பார்த்துப் பார்த்து எனக்கு எரிச்சல் வரும்.

உன் அப்பா கெட்டவர் இல்லை, பயந்தவர். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கிராணி வேலை. அவருக்கு மேலே இருந்த பெரிய கிராணிதான் நம் கோயிலில் ஓய்வுநாள் பள்ளியின் சூப்பிரண்டும். அந்தத் தமிழாக்கத்துக்குத் தலைமை தாங்கியதும் அதே ஆள். வாரத்தில் ஆறு நாள் ஆபீசில் தலை குனிந்தது போதாதென்று ஏழாம் நாள் கோயிலிலும் உன் அப்பா அவருக்குத் தலை குனிய வேண்டியிருந்தது. பெரிய கிராணி அந்தப் புத்தகத்தை மனப்பாடப் போட்டியாக்கினார். ஐந்து வயதுப் பிள்ளைகள் வரிசையாக வந்து நின்று, கடகடவென்று ஒப்பித்துவிட்டு ஓடும். பின்வரிசையில் பெற்றோர்களின் உதடுகள் சேர்ந்து அசையும். ஒரு சொல் தடுக்கினால் தாய் முகம் செத்துப் போகும். தூங்கப் போகிற பிள்ளை தன் மனதில் இருப்பதைச் சொல்வதற்கான ஜெபத்தைக் குதிரைப் பந்தயமாக்கி, அதற்குப் படம் போட்ட அட்டைகளைப் பரிசாகக் கொடுத்த மனுஷனைப் பக்திமான் என்று ஊர் கொண்டாடியது. நீயும் இன்றைக்கு வரை அப்படித்தான் சொல்கிறாய்.

அறுபத்து மூன்றில் மழை ஏமாற்றியது. நீர்த்தேக்கங்கள் வற்றி, வீட்டுக் குழாய்களை முறை வைத்து அடைத்தார்கள். குழாய் வருகிற நேரத்தில் வாளி, சட்டி, குழந்தை குளிக்கிற தொட்டி எல்லாவற்றிலும் பிடித்து வைப்போம். பக்கத்து வீட்டு லெட்சுமியை உனக்கு நினைவிருக்கிறதா? அவள் வீட்டிலேதான் நீ பாதி நாள் கிடப்பாய். அவளுக்கு அப்போது கைக்குழந்தை. துணி குவிந்து கிடக்கும். சமையலறை நிலைக்கு மேலே மாட்டியிருந்த முருகன் படத்தைப் பார்த்து, "ஒனக்கு மட்டும் பாலும் பன்னீருமா ஊத்தணும், எனக்கு ஒரு வாளி தண்ணி தர மாட்டியா? கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?" என்று சண்டை போடுவாள். அதைக் கேட்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும். அவள் சாமி அவளுக்கு எதிரே நின்று ஏச்சு வாங்கிக்கொண்டது. நம் கடவுளைப் பார்க்கப் பெரிய கிராணியின் அனுமதி வேண்டியிருந்தது.

குழாயை அடைத்த ஒரு நாள் சாயங்காலம், பலகை வைத்துப் படிக்க வேண்டிய ஜெபத்தைப் படித்துவிட்டு நீ எழுந்து சமையலறைக்குப் போனாய். நான் அரிசி களைந்த தண்ணீரைச் செடிக்கென்று ஓரமாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. குழாய்க்கு எதிரே சிமெண்ட் தரையில் முழங்காலிட்டுக் கையைக் குவித்தாய். "நீர் எங்களைவிட்டுப் போகாதிரும். நீர் போனால் நாங்கள் வாடிப்போவோம். நீர் வாரும்" என்று புத்தகத்தில் இருந்ததை அப்படியே சொன்னாய். சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தாய். பிறகு உன் சொந்தக் குரலில், "வந்துட்டு அப்படியே லெட்சுமி அத்தை வீட்டுக்கும் போங்க. பாப்பா துணி நெறைய இருக்கு" என்றாய்.

"ஏன்டா குழாய்கிட்ட சொல்றே?" என்று கேட்டேன்.

"நீர்கிட்டதானேம்மா சொல்லணும்? டீச்சர் சொன்னாங்க, நீர்னா தண்ணி."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டில் நாம் ஒருவரை ஒருவர் நீ என்போம், நீங்க என்போம். நீர் என்று யாரையும் கூப்பிட்டு நீ கேட்டதில்லை. தண்ணீரைத் தண்ணி என்போம். பாலர் பள்ளியில்தான் நீர் என்ற சொல் உனக்கு வந்தது, குடத்தின் படத்தோடு வந்தது. புத்தகம் சொன்னது எல்லாம் உனக்கு முழுசாகப் பொருந்திவிட்டது. நீர் போனால் வாடுவோம், போய்விட்டது, வாடினோம். நீர் வந்தால் பிழைப்போம். குழாய் வந்த நாளில் நம் அடுக்குமாடி புளோக் முழுக்கச் சத்தம் போட்டது. அந்தப் புத்தகத்தை நம்பி, புரிந்து, மனதார ஜெபித்த ஒரே பிள்ளை நீதான் என்று நினைக்கிறேன். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன், பிறகு உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அதற்குள் உன் அப்பா வாசல்படியில் நின்றுகொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் ஆபீசில் இதைப் பெரிய கிராணியிடம் சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை.

அந்த ஆள் சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் விட்டதும் வேதப் புத்தகமும் குடையுமாக வந்து சேர்ந்தார். தண்ணீரைக் குவளை குவளையாக அளந்து செலவழித்த நாளில், வெயிலில் வந்தேன் என்று முகம் கழுவ ஒரு வாளி கேட்டார். பாதி வாளியைத் தரையில் கொட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, "விக்கிரக ஆராதனை இப்படித்தான் உள்ள வரும். இன்னிக்குக் குழாய், நாளைக்குக் கல்லு. எல்லாம் பக்கத்து வீட்டுச் சகவாசம்" என்றார். லெட்சுமி வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவள் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னார்.

"ஐயா, அது ஒரு வார்த்தை புரியாததுனால வந்த குழப்பம். நீர்னா அவனுக்குத் தண்ணிதான் தெரியும்" என்றேன்.

"வார்த்தையில குழப்பம் இல்லம்மா. வளர்ப்புலதான் குழப்பம். நாளைக்கு ஓய்வுநாள் பள்ளியில எல்லாப் பிள்ளைங்க முன்னாடியும் நின்னு மன்னிப்புக் கேட்கட்டும். அந்த வீட்டு வாசல் மிதிக்கக் கூடாது." உன் அப்பாவைப் பார்த்து, "என்ன, சரிதானே?" என்றார். உன் அப்பா தலையாட்டினார். எனக்கு அந்தத் தலையைப் பிடித்து நிறுத்த வேண்டும் போலிருந்தது.

அன்று சாயங்காலமே ஒரு வாளி தண்ணீரைப் பிடியில் துணி சுற்றி உன் கையில் கொடுத்து லெட்சுமி வீட்டுக்கு அனுப்பினேன். வாசலை மிதிக்கக் கூடாது என்பதற்கு என் பதில் அது. ஆனால் ஞாயிற்றுக்கிழமையை என்னால் தடுக்க முடியவில்லை. போகாவிட்டால் ஆபீசில் என் கதி என்ன ஆகும் தெரியுமா என்று உன் அப்பா அழாக்குறையாகக் கேட்டார். சரி, நானும் வருகிறேன் என்று புறப்பட்டேன்.

உன்னை மேடைக்கு முன்னால் நிறுத்தினார்கள். உன் கால்சட்டையின் ஓரத்தைக் கசக்கிக்கொண்டு நின்றாய். "நீ யாரைப் பார்த்து ஜெபம் பண்ணினே, எல்லாருக்கும் சொல்லு" என்றார் பெரிய கிராணி. "நீரை" என்றாய். அவருக்கு முகமெல்லாம் வெற்றி. நான் பின்வரிசையிலிருந்து எழுந்தேன். "ஐயா, மத்தப் பிள்ளைங்களையும் கேளுங்க. நீர்னா யாருன்னு கேளுங்க" என்றேன். பெண்கள் அங்கே எழுந்து பேசுகிற வழக்கமில்லை. அவர் கேட்கமாட்டார் என்று தெரிந்து நானே கேட்டேன். முதல் வரிசையில் அவருடைய பேத்தி, அதற்கு முந்தின மாதம் பரிசு வாங்கியவள், பளிச்சென்று சொன்னாள்: "தண்ணி, ஆன்ட்டி." பக்கத்திலிருந்த பையன், "பைப்புத் தண்ணி" என்று திருத்தினான். "அதான் இப்ப வரதே இல்லயே" என்றது இன்னொன்று. ஒரு பிள்ளை மாற்றிச் சொல்லவில்லை. வாரா வாரம் பனிக்கும் நாய்க்கும் தாதிக்கும் ஜெபித்து அட்டை அட்டையாகப் பரிசு வாங்கிய கூட்டம் முழுக்கக் குழாயைத்தான் கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. பின்வரிசையில் சிரிப்பை அடக்க முடியாமல் யாரோ இருமினார்கள்.

வெட்கம் இருக்கிற மனுஷன் அதோடு விட்டிருப்பான். அவர் மேஜையைத் தட்டினார். "அதெல்லாம் அப்புறம். இவன் குழாய் முன்னாடி முழங்காலிட்டது பாவம். மன்னிப்புக் கேளுடா" என்று உன் தோளைப் பிடித்து அழுத்தினார். நீ அங்கேயே முழங்காலிட்டாய். நான் உன்னிடம் வந்து சேர்வதற்குள் கையைக் குவித்து, "தண்ணி, தண்ணி, மன்னிச்சிருங்க. இனிமே கூப்பிட மாட்டேன்" என்றாய். மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள், யாரிடம் பேசிக்கொண்டிருந்தாயோ அவரிடமே கேட்டாய். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். உனக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. நான் உன்னைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். இப்போது எழுதும்போதும் அந்த ஆளை நினைத்தால் எனக்கு உமிழத்தான் தோன்றுகிறது.

அன்றைக்குப் படுக்கிற நேரத்தில் நான் பலகையையும் இழுக்கவில்லை, புத்தகத்தையும் எடுக்கவில்லை. பாயில் உன் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "உனக்குத் தோணினதைச் சொல்லு ராசா. எப்படி வேணும்னாலும் சொல்லு. லெட்சுமி அத்தைக்காகச் சொல்லு" என்றேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். "வேணாம்மா. நான் சொன்னா தப்பாயிடும்" என்றாய்.

அதற்குப் பிறகு நீ கடவுளிடம் ஒரு பிழையும் விட்டதில்லை. அந்த வருஷக் கடைசியில் மனப்பாடப் போட்டியில் முதல் பரிசு வாங்கினாய். பெரிய கிராணி உன் தலையைத் தடவினார், உன் அப்பா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். இப்போது சபையில் நீ எழுந்து ஜெபித்தால் நீரும் தேவரீரும் உமதும் அச்சுப் பிசகாமல் வந்து விழுகின்றன. எல்லாரும் மெச்சுகிறார்கள். நானும் கேட்டிருக்கிறேன். அதில் ஒரு மனுஷன் பேர் இருக்காது, ஒரு வீட்டு அழுக்குத் துணி இருக்காது. கடவுள் அதைக் கேட்டுக் கொட்டாவி விடவில்லை என்றால் அவருடைய பொறுமைதான் காரணம். நீ கெட்டவன் இல்லை, மகனே. உனக்குள் அந்த வயதில் வைத்த பயத்தை இன்றைக்கு வரை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அதை உன் மகளுக்கும் ஊட்டப் பார்க்கிறாய்.

உன் வீட்டில் அவள் அழுது தூங்கினாளே, அதற்கு மறுநாள் காலையில் நான் குளியலறைக் கதவுக்கு வெளியே துண்டோடு நின்றுகொண்டிருந்தேன். அவள் உள்ளே பல் விளக்கிக்கொண்டே, வாய் நிறைய நுரையோடு, யேசப்பாவிடம் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். ஆடுகிற பல்லைப் பற்றி என்று நினைக்கிறேன், சரியாகக் கேட்கவில்லை. நீ கூடத்திலிருந்து சாவியைத் தேடிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாய். உன் காலடிச் சத்தம் கேட்டது. அவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அம்மா